எழுத மறுத்த டிஸ்க்

"அந்த பட்டன் மேலேருந்து கையை எடு."

செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அக்கா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கருவிப் பை. இன்னொரு கையில் புத்தம் புதிய ஹார்ட் டிஸ்க், உறைகூடப் பிரிக்காதது.

"எடுத்துட்டேன்" என்றது தம்பியின் குரல்.

"எடுக்கலை. உன் குரல்லயே தெரியுது."

மறுமுனையில் நாற்காலி பின்னால் உருளும் சத்தம்.

"இப்ப எடுத்துட்டேன்."

"ரீஸ்டார்ட் பண்ணாதே. ஆஃப் பண்ணாதே. பிளக் பக்கம் போகாதே. நான் வர்ற வரைக்கும் அந்த ரூம்ல தும்மக்கூடச் செய்யாதே."

"எங்க இருக்கே?"

"மூணாவது மாடி. லிஃப்ட் ஓடலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வர மாட்டியேக்கா."

ஐந்தாவது மாடியில் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. மணி பன்னிரண்டு ஐம்பது.

அக்காவுக்கு அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பலகையில் என்னவோ நீளமாக எழுதியிருக்கும்; அதை யாரும் படிப்பதில்லை. 'டிஸ்க் டாக்டர் கடை' என்றால்தான் ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரியும். செத்துப்போன பென் டிரைவ், மூச்சை நிறுத்திய மெமரி கார்டு, தண்ணீரில் விழுந்த லேப்டாப் எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வந்து சேரும். பாதிக்கு மேல் பிழைத்துத் திரும்பும்.

தம்பி கார்ட்டூன் வரைபவன். பதினாலு மாதத்துக்கு முன்னால் மாதச் சம்பள வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தனியாக உட்கார்ந்து இருபத்தாறு நிமிடப் படம் ஒன்றை வரைய ஆரம்பித்தான். கதாநாயகன் ஒரு நத்தை. தொழில், தபால்காரர். ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறது. அவ்வளவுதான் கதை. குழந்தைகள் சேனல் ஒன்று அதைப் பார்த்து மயங்கி, விடுமுறை நாள் சிறப்புப் படமாகப் போடுகிறோம் என்று சொல்லிவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குள் முழுப் படம் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

"போகலைன்னா?" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே நாற்காலியை இழுத்து.

"வரிசையில அடுத்த படத்தைப் போட்டுருவாங்க."

"அது என்ன படம்?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "முயல்."

"முயல்கிட்டயா தோக்கப்போறே? நகரு."

திரையில் ஒரு சின்னப் பெட்டி நின்றது. 'இந்த டிஸ்கில் எழுத முடியாது.' முப்பத்தொரு காட்சிகளையும் ஒன்றாகக் கோத்து முழுப் படமாக்கும் வேலையைப் பத்தரை மணிக்குத் தம்பி ஆரம்பித்தபோது வந்தது. அவன் ரத்து செய்தான், மறுபடி ஆரம்பித்தான். மறுபடி அதே பெட்டி. பதினோராவது முறைதான் அக்காவுக்கு போன்.

அக்கா ஒரு புரோகிராமைத் திறந்து டிஸ்கின் நாடியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர்கள் பேசாமல் இருந்தால் நோயாளி வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும் என்று தம்பிக்கு அப்போது புரிந்தது.

"இது சுத்தற தட்டு உள்ள பழைய டிஸ்க் இல்ல. எஸ்.எஸ்.டி." என்றாள். "உள்ளே கோடிக்கணக்கான குட்டி ரூம். ஒவ்வொண்ணுலயும் துளித் துளியா மின்சாரத்தை அடைச்சு வெச்சிருக்கும். அதுதான் உன் நத்தை. அழிச்சு எழுத, அழிச்சு எழுத, ரூம் சுவர் தேஞ்சுக்கிட்டே வரும். ஒரு கட்டத்துல மின்சாரம் நிக்காது, கசிஞ்சிரும்."

"அப்புறம்?"

"செஞ்சவங்க கொஞ்சம் ரூமை உபரியா ஒளிச்சு வெச்சிருப்பாங்க. ஒண்ணு போனா அங்கேருந்து ஒண்ணு. அந்த உபரியும் தீர்ந்துபோனா, மானமுள்ள டிஸ்க் ஒண்ணு செய்யும். ரெண்டு கையையும் தூக்கிடும். 'இனிமே எழுத மாட்டேன், இருக்கறதைப் படிச்சுக்கிட்டுப் போ'ன்னு."

"இது மானமுள்ள டிஸ்க்கா?"

"ரொம்ப. சிலது சொல்லாமக் கொள்ளாமப் போயிடும்."

"படிக்கலாம்ல, அப்ப ஏன் ஆஃப் பண்ணக் கூடாது?"

"கையைத் தூக்கிட்டு நிக்கறவனை உட்காரவெச்சா, திரும்ப எழுந்திருப்பானா மாட்டானான்னு யாருக்கும் தெரியாது. அதனால நிக்கவெச்சே எல்லாத்தையும் வாங்கிக்கணும்." புது டிஸ்கை உறையிலிருந்து பிய்த்துச் சொருகினாள். "வேற எங்கயும் காப்பி இல்லியா? நான் ஒரு டிஸ்க் குடுத்தேனே, தனியா எடுத்து வைடான்னு."

"அதுல ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் இருக்கு."

"அப்புறம்?"

"நாளைக்கு எடுத்துக்கலாம்னு."

"அறுபது நாளைக்கும் அதே நாளைக்கா?"

அக்கா ஒரு வரிசையைச் சுட்டிக் காட்டினாள். "சும்மா போயிருக்காதே இது. முன்னாடியே சொல்லியிருக்கணும். மஞ்சள் கட்டம் ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு. மூணு வாரமா தினம் வரும். ஆனா பயப்படற மாதிரி இல்லக்கா. நல்ல மார்க்தான். தொண்ணூத்தேழு."

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "என்ன தொண்ணூத்தேழு?"

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு. பார்த்துட்டு சந்தோஷமா மூடிட்டேன்."

"அது தேய்மானம்டா. தொண்ணூத்தேழு பங்கு தேஞ்சுபோச்சு, மூணுதான் மிச்சம்னு கத்தியிருக்கு."

"எனக்கு எப்படித் தெரியும்? என் சம்பந்தப்பட்ட எதுவும் இதுக்கு முன்னாடி தொண்ணூத்தேழு வாங்கினதில்லையே."

"வேற? நத்தை மேல ஏதாவது பச்சைக் கட்டம், கோடு?"

"போன வாரம் ஓட்டுல ஒரு பச்சைச் சதுரம் வந்துச்சு." தம்பி தயங்கினான். "நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

அக்கா நெற்றியில் அடித்துக்கொள்ள நேரமில்லாததால் மௌஸை அழுத்தினாள். அவளுடைய மீட்பு புரோகிராம் ஓட ஆரம்பித்தது. நல்ல இடத்தை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும், அடம்பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போகும், கடைசியில் திரும்பி வந்து அந்த இடங்களிடம் ஒவ்வொன்றாகக் கெஞ்சும். படத்தின் மொத்த எடை இருநூற்றுத் தொண்ணூறு ஜிபி. காட்சி ஒன்று, பச்சை விளக்கு. காட்சி இரண்டு, பச்சை விளக்கு.

"காட்சிகளைக் கோக்க எவ்வளவு நேரம்?"

"அரை மணி. அனுப்ப ஒரு கால் மணி."

"நாலு பத்துக்குள்ள முப்பத்தொண்ணும் வந்தாகணும்."

வாசலில் வளையல் சத்தம். தம்பியின் மாமியார், தட்டில் இரண்டு டீயோடு.

கோர்ட் ரெக்கார்டு ரூமில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளோடும் மருமகனோடும் இருக்கிறார். மாமியாருக்கும் மருமகனுக்கும் சண்டை எதுவும் கிடையாது. மரியாதைதான் முற்றிப்போயிருந்தது. நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வார்கள்.

"மாப்பிள்ளை காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை" என்றார் அக்காவிடம்.

"பசிக்கலைன்னு சொல்லுக்கா" என்றான் தம்பி.

"அவனுக்குப் பசிக்கலையாம், சம்பந்தியம்மா. எனக்குப் பசிக்குது."

மாமியார் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரித்திருப்பார். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "பொழச்சிருமா?"

"டிஸ்க் பொழைக்காது. படம் பொழைக்கும்னு நினைக்கறேன்."

"நான் ஏதாவது செய்யணுமா?"

"கரண்ட் போகாமப் பார்த்துக்கங்க" என்று அக்கா விளையாட்டாகச் சொன்னாள்.

இரண்டு மணிக்கு கீழேயிருந்து இரும்புப் பெட்டி திறக்கும் சத்தம் வந்தது. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு வெளிறிப்போய் ஓடி வந்தான்.

"மீட்டர் மாத்த எலக்ட்ரீஷியன் வந்திருக்கார். மெயினை ஆஃப் பண்ணப் போறாராம். பத்து நிமிஷம்."

"யு.பி.எஸ். இருக்குல்ல?"

"இருக்கு. பேட்டரி போயிடுச்சு. இப்ப அது மேல ஒரு செடி வெச்சிருக்கோம்."

அக்கா எழுவதற்குள், செருப்புச் சத்தம் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஐந்து மாடி. மாமியார் ஒரு படியைக்கூட விடாமல், ஆனால் ஒரு படியிலும் நிற்காமல் இறங்கினார். தம்பி கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு காதைத் தீட்டினான். படிக்கட்டுக் கிணறு வழியாக ஒவ்வொரு வார்த்தையும் மேலே மிதந்து வந்தது.

"சார், நோட்டீஸ் குடுத்தீங்களா?"

"சுவத்துல ஒட்டியிருக்கேம்மா."

"பார்த்தேன். தேதி இருக்கு. நேரம் இல்லையே."

"நேரம் இப்பத்தாம்மா."

"வாய்மொழியாச் சொன்னா எப்படி? எழுதிக் குடுங்க."

"பத்து நிமிஷ வேலைக்கு எழுதணுமா?"

"மூணு பிரதி. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு ஃபைலுக்கு."

"எந்த ஃபைலும்மா?"

"இனிமேத்தான் ஆரம்பிக்கணும்."

பேனா கேட்கிறார், பேப்பர் வருகிறது, ஏணி மேல் வைத்து எழுதுகிறார் என்று தம்பி உள்ளே ஓடி ஓடி வர்ணனை கொடுத்தான். அக்காவின் திரையில் காட்சி பத்தொன்பது பச்சையானது.

"ரெண்டாவது பிரதில 'மின்' விட்டுப்போச்சு" என்றது மாமியாரின் குரல். "வெறும் 'இணைப்பு நிறுத்தப்படும்'னு இருக்கு. எந்த இணைப்பு? தண்ணி இணைப்பா? யாராவது கேஸ் போட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

"அம்மா, நான் நாளைக்கு வர்றேன்."

"அப்ப நாளைக்கு வர்றேன்னு ஒரு கடிதம் குடுங்க."

இரும்புப் பெட்டி மூடும் சத்தம் கேட்டது. அந்த எலக்ட்ரீஷியன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போன வேகத்தைப் பார்த்தால், நாளைக்கும் வருவாரா என்பது சந்தேகம்தான். மாமியார் மூச்சு வாங்க மேலே வந்து, கையெழுத்திட்ட மூன்று தாள்களையும் தட்டுக்கு அடியில் மடித்து வைத்தார்.

"உன் மாமியாரை எங்க கடைக்கு ஒரு மாசம் அனுப்புடா" என்றாள் அக்கா. "'நாளைக்குத் தர்றேன்'னு சொல்ற சப்ளையருங்ககிட்ட பேசவிடறேன்."

இரண்டு ஐம்பதுக்கு முப்பது காட்சிகள் வந்து சேர்ந்தன. முப்பத்தொன்று மட்டும் சிவப்பில் நின்றது.

"எது முப்பத்தொண்ணு?"

தம்பி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "கடைசி. நத்தை கடிதத்தைக் குடுக்கற இடம். படம் முழுக்க உம்முன்னே வருது, அங்கதான் முதல் தடவையா சிரிக்கும். பத்தொம்பது நாள் வரைஞ்சேன் அந்தச் சிரிப்பை. முந்தாநாள் சாயங்காலம்தான் முடிச்சேன்."

"அது இல்லாம அனுப்பினா?"

"தபாலே போய்ச் சேராத தபால்காரர் படமா?"

நாலு இடத்தில் அடைப்பு. அக்கா கம்ப்யூட்டரின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு, தம்பி கையில் ஓர் அட்டையைக் கொடுத்தாள். "விசிறு. சூடு குறைஞ்சா சில நேரம் மனசு மாறும்."

தம்பி கல்யாண மாப்பிள்ளைக்கு விசிறுவதுபோல டிஸ்குக்கு விசிறினான். புரோகிராம் முதல் இடத்திடம் கெஞ்ச ஆரம்பித்தது. அது கெஞ்சும் நேரத்தில் அக்கா சும்மா இருக்கும் ரகம் இல்லை. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் கணக்கை மேலிருந்து படித்தாள். ஓரிடத்தில் அவள் புருவம் ஏறியது. ஏறியது இறங்கவில்லை.

"தம்பி, இது பதினாலு மாசத்துல தேயற டிஸ்கே இல்ல."

"பின்னே?"

"இதோட ஆயுசுக்கு நூறு டெராபைட், அதாவது லட்சம் ஜிபி, எழுதலாம். எழுதி முடிச்சிருக்கு. நீ நாள் பூரா வரைஞ்சாலும், கோத்து அழிச்சு கோத்து அழிச்சு விளையாடினாலும், உன் பங்கு இருபதைத் தாண்டாது."

"மிச்சம் எண்பது?"

"அதான் நானும் கேக்கறேன். யாரோ தினமும் சராசரியா நூத்துத் தொண்ணூறு ஜிபி எழுதியிருக்காங்க. ஒரு நாள் விடாம. இது இயற்கை மரணம் இல்லடா. கொலை."

தம்பியின் விசிறல் நின்றது. "வைரஸா?"

"பார்த்துட்டேன். இல்ல. உன் பொண்டாட்டி சீரியல் எதுவும் இறக்கி வெக்கிறாளா?"

"அவ போன்லதான் பார்ப்பா."

அக்கா டிஸ்கில் இருந்த ஃபோல்டர்களை எடை போட்டாள். படம், இருநூற்றுத் தொண்ணூறு. அதற்குக் கீழே இன்னொன்று. பூட்டு போட்டது. எடை, அதுவும் கிட்டத்தட்ட அதே. பெயர்: 'அம்மா – சொந்தம்'.

"இது யாரோடது?"

தம்பி பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான், குளியலறைக் கதவு திறந்திருந்ததைப் பார்த்தவன்போல. "அத்தையோடது. லெட்டர் கிட்டர் அடிக்கறதுக்கு அவங்களுக்குன்னு ஒரு லாகின் வெச்சுக் குடுத்திருக்கோம்."

"என்ன லெட்டர் இந்த சைஸுக்கு? இதை எப்பவாவது பார்த்தியா?"

"மாமியார் ஃபோல்டரை மருமகன் திறக்கறதா? என்ன பேசறே நீ."

"நேத்துக் காலையில பத்து மணிக்கு யாரோ இதுல எழுதியிருக்காங்க. தினமும் ஒன்பதுலேருந்து பத்தரை வரைக்கும் அவங்க லாகின் ஓடியிருக்கு. அந்த நேரத்துல நீ எங்கே?"

"அவளை லேப்ல விட்டுட்டு நடந்தே திரும்பி வருவேன். யோசிக்கறதுக்கு."

அவள் என்றால் அவன் மனைவி. பல் செட் செய்யும் லேபில் வேலை. அக்கா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணி, படம் என்னாச்சு?" என்றது மனைவியின் குரல். பின்னணியில் எதையோ ராவும் சத்தம்.

"ஓடிட்டிருக்கு. உங்கம்மா காலையில கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுவாங்க?"

"தெரியலையே. நான் ஒரு நாள் லீவுல இருந்தப்ப பார்த்தேன், கதவைச் சாத்திக்கிட்டாங்க. டைரி எழுதறாங்கன்னு நினைக்கறேன்."

"முந்நூறு ஜிபிக்கா?"

"உங்க தம்பியைப் பத்தின்னா அவ்வளவு ஆகும் அண்ணி."

"நான் ஸ்பீக்கர்ல இருக்கேன்" என்றான் தம்பி.

"தெரிஞ்சுதான் சொன்னேன். இங்க பாருங்க, அம்மா ஃபோல்டரை அவங்க சம்மதம் இல்லாமத் திறந்தீங்க, நான் சாயங்காலம் வீட்டுக்கு வர மாட்டேன். ஒரு பல் செட்டைக் கடிச்சுக்கிட்டு இங்கயே இருந்துருவேன்."

போன் வைக்கப்பட்டது. மூன்று இருபத்தைந்து. முதல் இடம் வழிக்கு வந்தது. மூன்று முப்பத்தெட்டுக்கு இரண்டாவது. மூன்று ஐம்பத்தொன்றுக்கு மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தம்பி அட்டையைத் தூக்கிப்போட்டுப் பிடித்தான்.

நாலாவது அசையவில்லை. நூறு தடவை கேட்டாகிவிட்டது. நூற்றிருபது. அக்கா பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொன்னாள். துண்டு துண்டாகப் படிக்கச் சொன்னாள். இல்லை என்றது.

"அது எந்த இடம்னு தெரியுமா?" என்று கேட்டாள், பதில் தெரிந்த குரலில்.

"சிரிப்பு" என்றான் தம்பி. அட்டையைக் கீழே வைத்துவிட்டான்.

நாலு மணி அடிக்க இரண்டு நிமிடம்.

"மாப்பிள்ளை."

இருவரும் திரும்பினார்கள். மாமியார் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. நேராக மருமகனைப் பார்த்தார்.

"நீங்க பேசினது சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. அந்த எண்பது என்னோடது. நான்தான் எழுதினேன்."

தம்பி எழுந்து நின்றுவிட்டான். "பரவாயில்ல அத்தை. தெரியாமத்தானே."

"தெரிஞ்சேதான். தினமும். எழுதினா தேயும்னுதான் தெரியாது. இன்னிக்குக் காலையிலயும் உட்கார்ந்தேன். எழுத மாட்டேன்னு பெட்டி வந்துச்சு. நான்தான் எதையோ ஒடச்சிட்டேன்னு பயந்து எழுந்து போயிட்டேன். அப்பவே சொல்லியிருந்தா உங்களுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கிடைச்சிருக்கும்."

"என்ன எழுதினீங்க சம்பந்தியம்மா?" என்றாள் அக்கா.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கீபோர்டை இழுத்து, பாஸ்வேர்டை ஒற்றை விரலால் அடித்தார். ஏழு எழுத்து. தம்பி மரியாதையாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"திரும்புடா" என்றாள் அக்கா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். பெயர் 'உண்மை நகல்', பக்கத்தில் நேற்றைய தேதி. அதற்குள் காட்சி ஒன்று. காட்சி இரண்டு. காட்சி மூன்று. அக்கா கீழே, கீழே, கீழே உருட்டினாள். காட்சி முப்பத்தொன்று.

"என் படம்" என்றான் தம்பி.

"நகல்" என்று திருத்தினார் மாமியார்.

அக்கா அந்த ஒரு காட்சியை மட்டும் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தாள். பச்சைக் கோடு நகர்ந்தது. பாதியில் ஒரு முறை தயங்கியபோது மூன்று பேரும் மூச்சை நிறுத்தினார்கள். பிறகு ஓடி முடிந்தது. பிழைகள்: பூஜ்ஜியம். தம்பி அதைத் திறந்து கடைசிக் கால் நிமிடத்தை ஓட்டினான். கதவு திறக்கிறது, கடிதம் கை மாறுகிறது, நத்தையின் இரண்டு கொம்புகளும் மெல்ல மேலே எழுந்து, வாய் ஓரத்தில் தொடங்கி ஓடு குலுங்கக் குலுங்க ஒரு சிரிப்பு. ஒரு ஃபிரேம்கூடச் சிதறவில்லை.

"ரசிச்சது போதும், கோத்துடு" என்றாள் அக்கா.

நாலு ஐந்துக்குக் கோக்க ஆரம்பித்தான். நாலு முப்பத்தாறுக்குக் கோத்து முடிந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்குச் சேனலிலிருந்து ஒரு வரி வந்தது: 'கிடைத்தது, நன்றி. முயலுக்குச் சொல்லிவிடுகிறோம்.'

தம்பி தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். அக்கா போய் செடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, செத்துப்போன யு.பி.எஸ்.ஸைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். போன் ஸ்பீக்கரில் மனைவியும் லேபில் இருந்த நாலைந்து பேரும் சேர்ந்து கத்தினார்கள். யாரோ பல் செட்டுகளைத் தாளம்போலத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சம்பந்தியம்மா, இப்ப சொல்லுங்க" என்றாள் அக்கா, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு. "நகல் எடுத்தீங்க, சரி. அதே டிஸ்க்லயேவா எடுப்பாங்க? டிஸ்க் மொத்தமாப் போயிருந்தா ரெண்டும் சேர்ந்து போயிருக்குமே."

"மூலம் ரெக்கார்டு ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. நகலும் அதே கட்டடத்துலதான் இருக்கணும். முப்பத்தோரு வருஷம் அப்படித்தான்."

"அதை ஏன் தினமும் முழுசாப் புதுசா? மாறின காட்சியை மட்டும் எடுத்திருந்தா டிஸ்க் இன்னும் நாலு வருஷம் இருந்திருக்கும்."

"பழைய நகல்ல ஒட்டுப் போடறதா?" மாமியாருக்கு நிஜமாகவே அதிர்ச்சி. "மூலம் ஒரு எழுத்து மாறினாலும் நகல் முழுசாப் புதுசாத்தான் எடுக்கணும். புதுசை ஒப்புப் பார்த்த பிறகுதான் பழசைக் கிழிக்கணும். ஒப்புப் பார்க்காம 'உண்மை நகல்'னு பேர் போட என் கை வராது."

"பாதுகாத்துப் பாதுகாத்தே கொன்னிருக்கீங்க" என்றாள் அக்கா. "நீங்கதான் கொலையாளி, நீங்கதான் சாட்சி, நீங்கதான் காப்பாத்தினவங்க. நான் பீஸை யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியலை."

தம்பி தரையிலிருந்து தலையை மட்டும் தூக்கினான். "ஒப்புப் பார்த்தீங்களா? எப்படி அத்தை?"

"எப்படின்னா? உட்கார்ந்துதான். மூலத்தை முதல்லேருந்து கடைசி வரைக்கும் ஒரு தடவை. நகலை ஒரு தடவை."

"என் படத்தையா? தினமுமா?"

"ஒரு நாள் விடலை. ஆரம்பத்துல அது வெறும் ஓடுதான், கொம்புகூட வரையலை நீங்க."

அக்கா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். படம் இருபத்தாறு நிமிடம். இரண்டு தடவை என்றால் ஐம்பத்திரண்டு. "ஒன்பதுலேருந்து பத்தரை வரைக்கும் லாகின் ஓடியிருக்கே. இன்னும் அரை மணி நேரம் இடிக்குதே?"

மாமியார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். முப்பத்தோரு வருஷத்தில் எந்த வக்கீலுக்கும் மசியாதவர் முகத்தில் வெட்கம் பரவுவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

"ஒப்புப் பார்க்க ரெண்டு தடவை போதும் மாப்பிள்ளை" என்றார். "மூணாவது தடவை, சும்மா. எனக்குப் பிடிச்சு."